கானா நாட்டு நாற்காலி

பழிவாங்குவதற்கு ஒரு ருசி உண்டு. ஏழு வருஷமாக அந்த ருசிக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவர் சவரியார். அன்று மத்தியானம் அஸ்தம்பட்டி மண்டபத்துக்குள் அவர் காலடி எடுத்து வைத்தபோது, சாப்பிடாமல் வந்த வயிறுகூட நிறைந்தது போல இருந்தது.

விஷயம் இதுதான். சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களாகவே சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு மாணவர் உலக மன்றம் என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதிரி ஐ.நா. சபை கூட்டுவார்கள். ஆளுக்கு ஒரு நாடு. ஆட்டையாம்பட்டி முறுக்குக் கடைக்காரர் மகன் பர்மாவாக எழுந்து அரிசி ஏற்றுமதி பற்றி முழங்குவான். குகைத் தெரு நெசவாளி மகன் அமெரிக்காவாக எழுந்து அணுகுண்டைக் கண்டிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பான். அறுபத்தொன்றாம் வருஷத்துச் சபை மூன்று நாளைக்கு முன்னால்தான் அந்த மண்டபத்தில் கூடியது. டில்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவரை டில்லியில் நடக்கும் அகில இந்திய மாநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

மன்றத்தின் தலைவன் அர்த்தநாரி. அவனுக்குப் பிரான்ஸ் நாடு. சபை தொடங்கி, எல்லாருக்கும் நன்னாரி சர்பத் ஊற்றி, அர்த்தநாரி அல்ஜீரியாவைப் பற்றிப் பேச எழுந்தான். பேச்சு பாதியில் நின்றது. இல்லாத ஈயைக் காற்றில் பிடித்தான். டில்லிக்காரரின் வழுக்கைத் தலையைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பூசணிக்காய் என்ன விலைங்க?" என்று கேட்டான். சபை சிரித்தது. பிறகு அவன் மேசைமேல் ஏறி வேட்டியை அவிழ்த்து உதறினான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அப்படியே சாய்ந்து விழுந்தான். ஊமத்தை விதை என்றார் டாக்டர். இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, மூன்றாம் நாள் பிழைத்தான்.

பழி முழுவதும் பக்கத்து நாற்காலியில் கானா நாடாக உட்கார்ந்திருந்த தோமினிக்கின் தலையில் விழுந்தது. அவன் மன்றத்தின் செயலாளன். சர்பத்தும் அவன் பொறுப்பு, ஐஸும் அவன் பொறுப்பு. அர்த்தநாரிக்கும் அவனுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. இன்று மாலை கல்லூரி முதல்வர் அறையில் விசாரணை. குற்றவாளி என்று முடிவானால் கல்லூரியை விட்டு விரட்டிக் கையோடு போலீசிலும் ஒப்படைத்துவிடுவார்கள்.

தோமினிக்கின் தாய் அன்னாள் காலையில் சவரியாரின் மாடி அறைக்கு ஏறி வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் நின்றபடியே சொன்னாள்: "எம்புருசன் பேரைக் கெடுத்தாங்க. எம்மவனையாவது மிச்சம் வெக்கச் சொல்லுங்கண்ணா."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று சவரியார் கேட்கவில்லை. அர்த்தநாரியின் அப்பன் அப்புசாமிக்கு நாமக்கல்லில் லாரிப் பட்டறை, சாலையில் சொந்த லாரிகள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவற்றில் ஒன்று தொப்பூர்க் கணவாயில் உருண்டது. ஓட்டி வந்த ஆரோக்கியம் அங்கேயே போய்விட்டான். அவன்தான் அன்னாளின் புருஷன். அப்போது சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர் சவரியார். பிரேக் செத்த வண்டி, முதலாளிக்குத் தெரிந்தே சாலையில் விட்ட வண்டி என்று எழுதினார். அப்புசாமி பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தார். ஓட்டியவன் குடித்திருந்தான் என்று கேஸ் முடிந்தது. சவரியார்மேல் லஞ்சப் புகார் வந்தது. காக்கிச் சட்டை கழன்றது. அதற்குப் பிறகுதான் அவர் மாடி அறை பிடித்துத் துப்பறிய ஆரம்பித்தார். காணாமற்போன மாடும் ஓடிப்போன மாப்பிள்ளையும் தேடித் தேடி அலுத்துப்போயிருந்த மனுஷருக்கு, அப்புசாமி வீட்டுப் பிள்ளையே வலையருகில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? கூலி பற்றிப் பேசவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கூடவே வந்தவள் பாவாயி. திருச்செங்கோட்டுக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். "கேட்டதுக்குப் போகலீங்க, கேட்டுட்டு நடுவுல சிரிச்சதுக்குத்தான் போச்சுங்க" என்று அவளே சொல்வாள். அப்படிப்பட்ட காதுக்கு ஊரில் வேறு என்ன வேலை கிடைக்கும்? சவரியார் உதவிக்கு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் மேசைகளைக் குதிரை லாடம்போல வளைத்துப் போட்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்று முதல்வர் பூட்டி வைத்திருந்ததால் கொடிகள் அப்படியே இருந்தன. பாவாயி இடுப்பில் கையை வைத்து நின்று பார்த்தாள்.

"இத்தன நாட்டயும் ஒரே மேசையில உக்கார வெச்சுப்போட்டாங்களே. எங்க ஊட்ல ரெண்டு ஓரகத்திகள ஒரே அடுப்புக்கு முன்னால நிறுத்த முடியலீங்க."

சாவி கொண்டுவந்த பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தோணிமேரி என்று பெயர். சபையில் அவள் யூகோஸ்லாவியா.

"அர்த்தநாரி எங்கம்மா உட்கார்ந்திருந்தான்?" என்று சவரியார் கேட்டார்.

"அதோ, ஆறாவது நாற்காலிங்க சார். பக்கத்துல ஏழாவது தோமினிக்."

"ஒத்திகையிலும் இதே இடமா?"

"இல்லீங்க சார். ஒத்திகையில ஒண்ணொண்ணும் ஒரு எடம் முன்னால இருந்துச்சு. பிரான்ஸ் அஞ்சு, கானா ஆறு. அப்புறம் குலுக்கல்ல மாறிப்போச்சு."

"குலுக்கலா?"

அந்தோணிமேரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிஜ ஐ.நா. சபையில் அப்படித்தான் வழக்கமாம். எந்த நாடு முதல் நாற்காலியில் உட்காருவது என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்களாம். அந்த நாட்டிலிருந்து ஆங்கில அகர வரிசைப்படி மற்ற நாடுகள் பின்னால் வரும். கடைசி நாடு முடிந்ததும் மறுபடி முதல் நாடு. வரிசை மாறாது, தலை மட்டும் மாறும். அதையே இவர்களும் கடைப்பிடிக்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பித்தளை வில்லைகளில் நாடுகளின் பெயரைப் பெயிண்டில் எழுதிப் பெட்டியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள்.

"இந்த வருஷம் என் நாடு வந்துச்சுங்க சார். யூகோஸ்லாவியாதான் வரிசையில கடைசி. கடைசியில கெடந்தவ மொத நாற்காலிக்கு வந்துட்டேன். மத்தவங்க எல்லாம் ஒரு எடம் தள்ளி உக்காந்தாங்க."

"குலுக்கினது அர்த்தநாரியா?"

"அவரு குலுக்கலே வேண்டாம்னுட்டாருங்க. ஒத்திகைப்படியே உக்காருங்க, யாரும் எடம் மாறக் கூடாதுன்னு ரெண்டு தரம் சொன்னாரு. அன்னிக்குக் காலையில நேரத்துலயே வந்து மேசையெல்லாம் சரி பாத்துட்டு, டில்லிக்காரரைக் கூட்டியார ஜங்ஷனுக்குப் போயிட்டாரு. அப்புறம் தோமினிக்தான், வழக்கம்னா வழக்கம்தான்னு சண்டை போட்டு, அவரே எடுத்தாரு."

சவரியார் மெதுவாகக் குனிந்து ஆறாவது நாற்காலிக்கு முன்னால் மேசையைத் தடவினார். "கொடிகளை எல்லாம் ஒரு இடம் நகர்த்தினீங்க. டம்ளரை?"

"டம்ளரை எதுக்குங்க சார் நகத்தணும்? எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர்தானே. சப்ஜா விதை போட்டு வெச்சது வெச்ச எடத்துலயே இருந்துச்சு."

சவரியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரான்ஸின் மூவர்ணக் கொடி அவர் மூக்குக்கு நேராக இருந்தது. அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று பாவாயிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று, ஏனென்றால் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"பாவாயி, உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு கேட்டிருக்கேன். இவன் சர்பத் குடிச்சிருக்கான்."

"வெளங்கறாப்பல சொல்லுங்க."

"ஊமத்தை விதை அர்த்தநாரிக்கு வெச்சதில்லை. அவன் தோமினிக்குக்கு வெச்சது. காலையில வந்து ஆறாவது நாற்காலி டம்ளர்ல சப்ஜாவோட சப்ஜாவா பொடியைப் போட்டுட்டுப் போயிருக்கான். அதனாலதான் யாரும் இடம் மாறக் கூடாதுன்னு குலுக்கலைத் தடுத்தான். இவன் போன பிறகு நாற்காலி நகர்ந்துபோச்சு. திரும்பி வந்தவன் கொடியைப் பாத்து உட்கார்ந்தான். வலது கைப்பக்கம் அதே கானா, இடது கைப்பக்கம் அதே ஆள். எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கிற மாதிரி இருந்திருக்கும். தான் கரைச்சதைத் தானே குடிச்சான்."

"அது சரிங்க. அவரு வாயால சொல்லோணுமே. நம்ம சொன்னா, அப்புசாமிமேல காண்டுல சொல்றாருன்னு போயிருவாங்க."

"சொல்ல வெக்கறேன்" என்றார் சவரியார்.

புறப்படும்போது அந்தோணிமேரி தன் கைப்பையைத் திறந்து ஒரு பித்தளை வில்லையைக் காட்டினாள். அவள் நாட்டின் பெயர் எழுதியது. முதல் நாற்காலி வாங்கித் தந்த ராசிக்காக எடுத்து வைத்துக்கொண்டாளாம். "தோமினிக் எடுத்துக் குடுத்தப்ப, ஐஸ் கணக்கா ஜில்லுன்னு இருந்துச்சு. எனக்குக் கை சிலிர்த்துப்போச்சு" என்றாள்.

சவரியார் காதில் அது விழுந்ததோ என்னவோ, அவர் அதற்குள் வாசலில் இருந்தார். அப்புசாமியின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதைத் தவிர வேறெதுவும் அவர் மண்டைக்குள் இல்லை. பாவாயி மட்டும் வில்லையை வாங்கித் திருப்பிப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். ஜட்காவில் கல்லூரிக்குப் போகும் வழி முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. பாவாயி பேசாமல் வருவது நல்ல சகுனம் இல்லை. அதையும் சவரியார் கவனிக்கவில்லை.

முதல்வர் வீரபாகுவின் அறையில் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அர்த்தநாரிக்குக் கண் இன்னும் கூசியது. கறுப்புக் கண்ணாடி போட்டு, கம்பளியைப் போர்த்தி, நாற்காலியில் ஒடுங்கியிருந்தான். பக்கத்தில் அப்புசாமி, பட்டுச் சட்டையும் தங்கச் சங்கிலியுமாக. சுவரோரம் தோமினிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒல்லியான பையன். அவன் முகத்தில் பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அதைக் கண்டு சவரியாருக்குப் பெருமையாக இருந்தது.

"இந்த ஆளு எதுக்குங்க இங்க?" என்றார் அப்புசாமி. "போலீசு வேணாம்னு துரத்தின ஆளு."

"தோமினிக் பக்கம் பேச யாராவது வேண்டாமா? உட்காருங்கள் சவரியார்" என்றார் முதல்வர்.

சவரியார் உட்காரவில்லை. அர்த்தநாரிக்கு எதிரே போய் நின்று, நோயாளியை விசாரிக்கிற குரலில் கேட்டார். "தம்பி, அன்னிக்கு நடந்ததை நீங்களே சொல்லுங்க. அவசரமில்லை."

"சபை தொடங்கறதுக்கு முந்தி ஒரு நிமிசம் எல்லாரும் எந்திரிச்சுக் கண்ணை மூடிட்டு நிப்போமுங்க. ஐ.நா.வுல அப்படித்தான். அதுக்கப்புறம் சர்பத் ஊத்துனாங்க. அந்த ஒரு நிமிசத்துல இவன் டம்ளரை மாத்திப்போட்டான்."

"கண்ணை மூடியிருந்தீங்களே, எப்படித் தெரியும்?"

"வேற எப்படிங்க வரும்?"

"உங்க டம்ளர்ல பொடியைக் கலந்துட்டான்னு சொல்றீங்களா?"

"கலக்கலீங்க. மாத்திப்போட்டான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காலேஜ் பையன் ஒருத்தன் வாழ்க்கை இது."

அர்த்தநாரிக்கு எரிச்சல் வந்தது. "எத்தன தரமுங்க சொல்றது? அவனுக்கு முன்னால இருந்த டம்ளரை எனக்கு முன்னால தள்ளிட்டு, என்னுத அவன் எடுத்துக்கிட்டான்."

கதவோரம் நின்ற பாவாயி, சந்தையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். "அப்படீன்னா வெசம் மொதல்ல தோமினிக்கோட டம்ளர்ல இருந்துச்சுங்களா, சாமி?"

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நல்ல கேள்வி" என்றார் சவரியார். "தோமினிக் முன்னால இருந்த டம்ளர்லதான் விஷம்னு உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"காச்சல்ல என்னமோ சொல்றானுங்க பையன்" என்று அப்புசாமி எழுந்தார்.

"உட்காருங்க. இன்னும் முடியலை." ஏழு வருஷத்தில் அப்புசாமியைப் பார்த்து அவர் பேசிய முதல் சொல் அது. சொல்லிவிட்டு மறுபடி பையன் பக்கம் திரும்பினார். "யாரும் டம்ளரை மாத்தலை. டம்ளர் இருந்த இடத்துலயே இருந்துச்சு. நாற்காலிதான் நகர்ந்துச்சு. நீங்க ஜங்ஷனுக்குப் போனப்ப குலுக்கல் நடந்துது."

"குலுக்கல் வேண்டாம்னு நான் சொன்னேனே."

"சொன்னீங்க. ஏன் சொன்னீங்கன்னுதான் இப்ப இத்தனை பேரும் யோசிக்கிறாங்க. உங்க கொடி ஒரு இடம் தள்ளிப் போச்சு. நீங்க உட்கார்ந்து குடிச்சது கானா நாட்டு நாற்காலியில."

அர்த்தநாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கருவிழி இன்னும் சுருங்காத கண்கள் அப்பனைத் தேடின. "சாகட்டும்னு வெக்கலீங்கய்யா" என்றான் அழுதுகொண்டே. "டில்லிக்காரரு முன்னால அவன் உளறோணும், அத்தன பேரும் சிரிக்கோணும்னுதான். போன வருசம் எல்லாரும் அவனுக்குத்தான் கை தட்டுனாங்க. நம்ம டிரைவரு பையன் போயி டில்லியில பேசறதா?"

அப்புசாமியின் முகத்தைச் சவரியார் ஆசை தீரப் பார்த்தார். மீசை தொங்கியது. கன்னம் தொங்கியது. தங்கச் சங்கிலி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் மாடுமேய்த்த மாதிரி அலைந்ததற்கு இது போதும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றும் தோன்றியது.

முதல்வர் எழுந்து தோமினிக்கிடம் போய், "மன்னித்துக்கொள்ளப்பா. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. டில்லிக்கு நீதான் போகிறாய்" என்றார். பிறகு, "வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா, சவரியார்?"

பாவாயி இருமினாள். இரண்டாவது முறை கொஞ்சம் பலமாகவே இருமினாள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார் சவரியார், அவள் பக்கம் திரும்பாமலே.

வெளியே வேப்பமரத்தடியில் அன்னாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் மகன் கன்னத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். சவரியார் மீசையைத் தடவிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் பாவாயி வழிமறித்தாள்.

"ஏனுங்க, ஒரு சின்னச் சந்தேகமுங்க. கை படாம மரப்பெட்டிக்குள்ள கெடந்த பித்தள வில்லை ஐஸாட்டம் எப்படீங்க ஜில்லுன்னு ஆகும்?"

"அதென்ன இப்ப?"

"இப்பத்தான். மத்த வில்லையெல்லாம் வெதுவெதுன்னு கெடக்க, அது ஒண்ணு மட்டும் ஜில்லுன்னு இருந்தா, கண்ணை மூடிட்டுக் கைய விட்டாலும் வெரலுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

சவரியார் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"ஐஸ் யாரு பொறுப்புலீங்க இருந்துச்சு? இன்னொண்ணும் பாருங்க. எந்த நாடு வந்திருந்தாலும் அர்த்தநாரி வேற எங்கியோ போயி உக்காந்திருப்பாரு. யூகோஸ்லாவியா ஒண்ணு வந்தாத்தான் சரியா ஒரே ஒரு எடம் தள்ளி, அந்த டம்ளருக்கு முன்னால போயி உக்காருவாரு. இத்தன நாட்டுல அது ஒண்ணுதானுங்க. உள்ள இருமி இருமித் தொண்டை போச்சு எனக்கு."

வெயில் முதுகில் சுட்டது. இந்தக் கணக்கு சவரியாருக்குத் தெரியாத கணக்கா? மண்டபத்திலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. அப்புசாமி முகத்துக்கு ஆசைப்பட்டு அவர் போடவில்லை. தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக வந்தது.

தோமினிக்கைத் தனியாகக் கூப்பிட்டார். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை ஓரமாக நின்றார்கள்.

"வில்லையை ஐஸ்ல வெச்சிருந்தியா?"

தோமினிக் நேராக அவரைப் பார்த்தான்.

"மரத்தூளை விலக்கி ஐஸ் கட்டிக்கு அடியில வெச்சிருந்தேங்கய்யா. குலுக்கறதுக்கு முன்னால பெட்டியில போட்டேன்."

"அவன் பொடி போட்டதைப் பாத்தே."

"ஐஸ் இறக்க வந்தப்ப ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"டம்ளரைக் கவுத்துக் கொட்டியிருக்கலாமே. முதல்வரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமே."

"கொட்டியிருக்கலாம்." அவன் குரல் உயரவே இல்லை. "எங்கப்பா குடிச்சுட்டு வண்டி ஓட்டினாருன்னு இந்த ஊரே சொல்லுது. எங்கப்பா சாராயத்தை மோந்துகூடப் பாத்ததில்லைங்க. அப்புசாமி மகனும் குடிச்சுட்டு உளறட்டுமேன்னு தோணுச்சு."

"ரெண்டு நாள் உயிருக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தான், தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்." பையன் ஏதோ பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவன் போலத் தொடர்ந்தான். "செத்திருந்தா பாதி முடிஞ்சிருக்கும். அப்புசாமி புதுசா கார் வாங்கியிருக்காரு. வாராவாரம் தொப்பூர் வழியா தர்மபுரிக்குப் போறாரு. பிரேக் எப்படிச் சாகும்னு எனக்குச் சின்ன வயசுலயே தெரியுமுங்கய்யா."

சவரியார் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "போய் முதல்வர்கிட்ட நீயே சொல்லு. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க." தோமினிக் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. "உள்ள அப்புசாமி முகத்தை நீங்க பாத்துக்கிட்டு இருந்தப்ப, நான் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கை தானாகத் தளர்ந்தது. அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பையன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அவன் தன்னிடம் பார்த்ததைத்தான் தான் அவனிடம் இப்போது பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. வித்தியாசம் ஒன்றுதான். அவர் ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டே இருந்தார். இவன் செய்ய ஆரம்பித்துவிட்டான்.

தோமினிக் நடந்துபோய்த் தாயின் பக்கத்தில் நின்றான். அன்னாள் அவன் தலைமுடியைக் கோதிவிட்டுச் சவரியாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்குத் திரும்பக் கும்பிடக் கை வரவில்லை.

பாவாயி கிட்டே வந்தாள். இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை. "சொன்னீங்கன்னா அந்தப் பையனுக்குக் காலேஜ் போயிருமுங்க. டில்லியும் போயிரும். அந்தம்மா உங்களை மண்ணை வாரித் தூத்தும்."

"சொல்லலைன்னா ஒரு நாள் அவன் தூக்குல தொங்குவான். அப்பவும் அவங்க தூத்துவாங்க" என்றார் சவரியார். "இன்னிக்கு இது வெறும் சர்பத்து பாவாயி. இன்னிக்கே நிறுத்தினாத்தான் உண்டு."

"அப்புசாமிக்குப் பால் வார்த்த மாதிரி ஆயிருமேங்க."

"தெரியும்."

அதுதான் முள்ளாகக் குத்தியது. ஊரில் வேறு யாருக்கு வேண்டுமானாலும் நல்ல சேதி கொண்டுபோயிருப்பார். இந்த ஆளுக்கா? படியில் கால் வைத்தார். பின்னால் அன்னாள், "எங்கண்ணா மறுபடி போறீங்க?" என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மேலே ஏற முடியாது.

முதல்வர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அர்த்தநாரி மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தான். அப்புசாமி மகனின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். கதவுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் கண்ணில் பழைய திமிர் ஒரு பொட்டும் இல்லை. இன்னும் என்ன மிச்சம் வைத்திருக்கிறாய் என்று கேட்பதுபோலப் பார்த்தார். சவரியார் அந்த முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு முதல்வர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். பொய்ங்க. இவங்க பையன் செஞ்சது பாதிதான். மீதியைச் செஞ்சது எங்க பையன்."